கோர்ட் மணியை அடிப்பதற்கு முன்

சிறிய ஊர்ப் பழைய கோர்ட் கட்டிடங்களில் கோபுரத்து மணி பல வருஷம் சும்மாவே தொங்கும். திடீரென்று நூற்றாண்டு விழா வரும், ஒருமுறை அடித்துப் பார்ப்போமே என்பார்கள். அப்போதுதான் எனக்கு போன் வரும்.

மேலே ஏறியதும் கயிற்றைத் தொடாதீர்கள். முதலில் மணி எந்த உலோகம் என்று பாருங்கள். வெண்கலம் என்றால் ஐந்தில் நாலு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். மேலே பச்சைக் களிம்பு இருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், உலோகத்துக்கு அதுதான் காவல். எஃகு மணி என்றால் துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் விலை மலிவு என்று அதை வாங்கியவர்கள் நிறைய.

அடுத்து விளிம்பில் விரலை மடக்கித் தட்டுங்கள். ரீங்காரம் நீண்டு அடங்கினால் சரி. ஓட்டைப் பானை மாதிரி ‘டக்’ என்றால் கீறல் இருக்கலாம், அன்றைக்கு வேலை அவ்வளவுதான். சாதாரண வெல்டிங்காரரை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

இனி மணிக்குள் தொங்கி அடிக்கும் நாக்கும் சுத்தியலும். கோபுரத்தில் கடிகாரம் இருந்தால் அதன் சுத்தியல் வெளியிலிருந்து அடிக்கும். மணிக்கு மணி, எத்தனை மணியோ அத்தனை அடி என்று அடித்தால் ஒரு நாளைக்கு 156 அடி, எல்லாம் ஒரே இடத்தில். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் மணியைக் கால் சுற்று திருப்பி மாட்டலாம். அடித்த சுத்தியல் உடனே விலகி நிற்க வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் நாதம் செத்துப்போகும், மணியும் விரிசல் விடலாம். மணியை ஆட்டி ஒலிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் சுத்தியலை முதலில் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

ஓர் இடத்தில் மணியை ஆட்டச் சோம்பல்பட்டு நாக்கிலேயே கயிறு கட்டி வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபம்! இப்படி இழுத்து அடித்தே கீறல் விட்ட மணிகள் எத்தனையோ.

சரி, இனி அடிக்கலாம். காதுக்கு அடைப்பான் கட்டாயம். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், மணி திரும்பும்போது ஆளையே தூக்கிவிடும்.

கோர்ட் கூடுகிறது என்றால் நிதானமாக ஆட்டுவது, சாவுக்கு இடைவெளி விட்டு ஒற்றை அடி, தீ என்றால் படபடவென்று. ஊருக்கு ஊர் கணக்கு மாறும், பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே அறிவிப்பும் கொடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் சோதனைக்கு வேகமாக அடித்துவிட்டு இறங்கினால், வாசலில் ஒரு தாத்தா மூச்சு வாங்க நின்றிருந்தார், கையில் வாளியோடு.