கார்பெட்டுக்குக் கீழே தேங்கும் தண்ணீர்: பழைய சொகுசுக் கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளைஞர் கூரையை மடித்துத் திறக்கும் தம்முடைய பழைய கன்வெர்ட்டிபிள் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். சாவியைத் திருப்பினால் எந்த அசைவும் இல்லை, கதவுப் பூட்டுகள் தாமாகவே திறந்து மூடுகின்றன, நள்ளிரவில் ஹாரன் அலறுகிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். வேறோர் இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்த தாள் அவர் கையில் இருந்தது. அதில் 17 பிழைக் குறியீடுகள். "இதில் எந்த யூனிட்டை முதலில் மாற்றுவது, அண்ணா?" என்று கேட்டார். நான் தாளை வாங்கவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் மண்டியிட்டு, பார்வைக்கு நன்றாகக் காய்ந்திருந்த கார்பெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். விரல்களுக்கு இடையே பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஊறி வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை இதே முகத்தோடு நானும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், சர்வீஸ் ஆவணங்கள் இல்லாத காரை வாங்காதீர்கள் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

மழைநீர் வடிகுழாயை மறப்பது

துணிக்கூரை உள்ள கார் தண்ணீரை முழுவதுமாக வெளியிலேயே தடுத்து நிறுத்தும் என்று புதிதாக வாங்குபவர்கள் நம்புகிறார்கள். அப்படி அது வடிவமைக்கப்படவே இல்லை. கூரையின் பின்விளிம்பைத் தாண்டி ஓரளவு தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும் என்று தெரிந்தே, அதைப் பிடித்துக்கொள்ளக் கூரை மடிந்து அமரும் குழியின் இரு பக்கமும் வாய்க்கால் போன்ற ஒரு பள்ளத்தையும், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு அருகே தரையில் கொண்டுபோய் விடும் ரப்பர் குழாயையும் வைத்திருப்பார்கள். அந்தக் குழாயின் வாய் பெரும்பாலும் ஒரு விரல் நுழையும் அளவுதான். இலைச் சருகு, தூசி, மரத்திலிருந்து உதிரும் பூந்துகள், நாள்பட்டு உதிர்ந்த ஸ்பாஞ்சுத் துணுக்கு எல்லாம் அதில் சேர்ந்து களிமண்போல் இறுகிவிட்டால், பள்ளத்தில் நிற்கும் தண்ணீருக்கு இருக்கும் ஒரே வழி காருக்குள் வழிவதுதான்.

உள்ளே வந்த தண்ணீர் கண்ணில் படாது என்பதே இதன் கொடுமை. கார்பெட்டின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் சத்தத்தை அடக்கும் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும்; அது வாளித் தண்ணீரையும் குடித்துவிட்டு மேலே காய்ந்த முகத்தைக் காட்டும். அதன் அடியில்தான் ஒயரிங் ஓடுகிறது. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில், அதாவது 1996-இல் வெளிவந்த 986-இல், கதவுப் பூட்டையும் திருட்டுத் தடுப்பையும் கவனிக்கும் கன்ட்ரோல் யூனிட் இருக்கைக்கு அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. வடிகுழாய் அடைத்தால் முதலில் நனைவது அதுதான். அது நனைந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கார் உயிர் பெறாது. பிஎம்டபிள்யூவின் முதல் தலைமுறை இசட்4-இல் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப்பின் மோட்டாரையே வடிகால் மூலையின் அடியில் வைத்தார்கள். அங்கே அடைப்பு ஏற்பட்டால் மோட்டார் தண்ணீரில் மூழ்கித் துருப்பிடித்து நின்றுவிடும், கூரை அசையாது. அந்த மோட்டாரை வேறு உயரமான இடத்துக்கு மாற்றிப் பொருத்துவது அந்தக் காரை வைத்திருப்பவர்களிடையே வழக்கமாகவே ஆகிவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். என் காரில் முதலில் ஒரு புழுங்கல் வாடை வந்தது. வாசனைத் திரவியம் வாங்கித் தொங்கவிட்டேன். கண்ணாடி காலையில் உள்பக்கம் வியர்த்தது. ஏசியைக் குறை சொன்னேன். பிறகு அலாரம் இரவில் கத்தத் தொடங்கியபோது பேட்டரியை மாற்றினேன், சாவிக்குள் இருக்கும் செல்லை மாற்றினேன். கார் ஒரேயடியாக நின்ற பிறகுதான் இருக்கையைக் கழற்றி, நனைந்த யூனிட்டைக் கண்டுபிடித்தேன். அங்கேயாவது நின்று யோசித்திருக்க வேண்டும். கழித்துக்கட்டிய வேறொரு காரிலிருந்து அதே யூனிட்டைத் தேடி வாங்கினேன், அதற்கு என் சாவியைத் தெரியாது என்பதால் நிரலைப் புதிதாக ஏற்ற ஆள் பிடித்தேன், கார் ஓடியது. தண்ணீர் கூரையின் ரப்பர் ஓரம் வழியாகத்தான் வருகிறது என்று ஒரு மெக்கானிக் சொன்னதை நம்பிச் சுற்றிலும் சிலிகான் பூசினேன். அந்தச் சிலிகான், ஏற்கெனவே பாதி அடைத்திருந்த வடிகுழாயின் வாயை முழுவதுமாக அடைத்தது. அடுத்த பெருமழையில் இரண்டாவது யூனிட்டும் போயிற்று. ஒரே பெட்டியை இரண்டு முறை விலை கொடுத்து வாங்கியவன் நான். இதை நினைக்கும்போதெல்லாம் தண்ணீர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஸ்கேனர் எதைக் காட்டுகிறதோ அதை மாற்றினால் போதும் என்று எனக்குச் சொன்னவர்கள்மேலும், அதைக் கேட்டுத் தலையாட்டிய என்மேலும்தான் வருகிறது. ஸ்கேனர் சொல்வது யார் செத்தார்கள் என்பதை மட்டுமே; கொன்றது யார் என்பதை மண்டியிட்டுத்தான் தேட வேண்டும்.

அடைப்பை எடுப்பதிலும் ஒரு தவறு உண்டு. கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதிவிடலாம் என்று தோன்றும். அழுத்தமான காற்று அடைப்பைத் தள்ளுவதற்குப் பதிலாகக் குழாயையே அதன் இணைப்பிலிருந்து உள்ளே கழற்றிவிடக்கூடும். அதன் பிறகு அடைப்பே இல்லாத குழாயில் மழை நேராகக் காருக்குள் கொட்டும். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் நைலான் கம்பியை எடுத்து, அதன் நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி, மெதுவாகத் திருகித் திருகி உள்ளே விடுங்கள். வழி கிடைத்ததும் அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அது சக்கரத்தின் அருகே கீழே வந்து சேருகிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடிய வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை, அது முடிந்ததும் ஒருமுறை இதைச் செய்தால் போதும். கார் மரத்தடியில் நிற்பதாக இருந்தால் போதாது. அந்த இளைஞரின் காரில் நான் வெளியே இழுத்த களிமண் கட்டியில் இரண்டு இலை விட்ட ஒரு செடி முளைத்திருந்தது.

ஏற்கெனவே நனைந்துவிட்ட காரில், இப்போது ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பாதீர்கள். வெறும் தண்ணீரை விடத் தண்ணீரோடு சேர்ந்த மின்சாரம்தான் கனெக்டரின் ஊசிகளை வேகமாக அரிக்கிறது. எந்நேரமும் மின்சாரம் ஓடும் ஊசிகள் சில நாள்களிலேயே பச்சைப் பொடியாகின்றன. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தது. கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்து, பயிற்சி உள்ளவரைக் கொண்டு கழற்றுங்கள். கார்பெட்டை ஸ்பாஞ்சோடு சேர்த்து முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். அதைக் காரிலேயே விட்டுக் கதவைத் திறந்து வெயிலில் நிறுத்துவது, ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்து உலர்த்துவதைப் போன்றது.

மூடிய கூரை உள்ளவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று சிரிக்க வேண்டாம். சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் குழாய்கள் இறங்குகின்றன. முன்கண்ணாடியின் கீழே வைப்பர்கள் இருக்கும் பள்ளத்துக்கும் வடிகால் உண்டு. ஆடி ஏ4-இன் பழைய தலைமுறைகளில் அந்த வடிகாலின் மேலேயே பேட்டரியை உட்கார வைத்திருப்பதால், அதைக் கழற்றாமல் அடைப்பைப் பார்க்கவே முடியாது.

"ஆயுள் முழுவதும் போதும்" என்ற கியர் ஆயில்

கார் தயாரிப்பாளர்கள் பலர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று அவர்கள் எழுதவில்லை. ஏராளமான சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் சொல்வதையே நான் கேட்பேன். அதன் 8எச்பி வகையில் ஃபில்டர், அடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியோடு சேர்ந்தே வருவதால் ஆயிலை மட்டும் வடித்து ஊற்றுவது அரைவேலை. அளவைச் சரிபார்ப்பதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கையில்தான். கையால் தொட்டுப் பார்த்துச் சூடாகிவிட்டது என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பச்சை எண்ணெய் இருக்கும் இடத்தில் பிரேக் ஆயில்

பழைய ரோல்ஸ்ராய்ஸ் வாங்குபவர்களுக்கு மட்டும் இது. 1965-இல் வந்த சில்வர் ஷேடோ, பிரேக்குக்கும் காரின் உயரத்தைச் சமன்செய்யும் அமைப்புக்கும் பிரேக் ஆயில் வகையைச் சேர்ந்த திரவத்தைப் பயன்படுத்தியது. 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட், பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் ரப்பர் சீல்கள் வேறு வேறு. கனிம எண்ணெய்க் காரில் பிரேக் ஆயிலை ஒரு கிண்ணம் ஊற்றினாலும் சீல்கள் கெட்டு, அமைப்பு முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டிவரும். மூடியின் மேல் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் யாரையும் பானெட்டுக்குள் கைவைக்க விடாதீர்கள்.

தாழ்ந்துபோன ஏர் சஸ்பென்ஷனோடு ஓட்டுவது

காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்து, ஸ்டார்ட் செய்ததும் எழுந்து நின்றால் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த மூலையைத் தாங்கும் காற்றுப் பையில் ஓட்டை விழுந்திருக்கிறது, அந்த இழப்பைக் கம்ப்ரசர் தன் ஆயுளைக் கொடுத்து ஈடுசெய்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். பையை மட்டும் மாற்றியிருக்க வேண்டியவர்கள் சில மாதங்கள் கழித்துப் பை, கம்ப்ரசர், ரிலே மூன்றையும் மாற்றுகிறார்கள்.

ஹைபிரிட்டில் சிறிய பேட்டரியை மறப்பது

2005-இல் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 400எச் வந்த காலத்திலிருந்து, எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் என்றாலே பெரிய பேட்டரியைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் காரை விழிக்கச் செய்வது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அதில் உயிர் இல்லை என்றால் பெரிய பேட்டரி காரோடு இணையாது. முழுச் சார்ஜோடு கார் அசையாமல் நிற்கும். டேஷ்போர்டில் ஓடத் தயார் என்ற விளக்கு எரியாமல் வெறுமனே உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்கள் அந்தச் சிறிய பேட்டரியைத்தான் கரைக்கிறார்கள். அந்த நிலையில் அது சார்ஜ் ஆவதில்லை.

பின்இருக்கையின் அருகே காற்றுத் துளைகள் இருந்தால் அவை பெரும்பாலும் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறிக்கானவை. அதன்மேல் பையையும் போர்வையையும் வைக்காதீர்கள். நாய் ஏறும் கார் என்றால் அந்த ஃபில்டரில் கம்பளி நெய்யும் அளவுக்கு முடி இருக்கும். பிரேக் கட்டை தேயவில்லை என்று பெருமைப்படுபவர்கள் அது அழுத்தும் டிஸ்க் என்ற வட்டைப் பார்ப்பதில்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால், பயன்படாத வட்டு துருப்பிடித்துக் கெடுகிறது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயரை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

புதிய பேட்டரி போட்டதைக் காருக்குத் தெரிவிக்காமல் விடுவது

பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புதிய பேட்டரியைப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார் அதைக் கிழட்டு பேட்டரியாகவே நினைத்துச் சார்ஜ் செய்யும். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை இருந்த இடத்தில் சாதாரண வகையைப் போடுவது அதைவிட மோசம்.

பட்டன் இருக்கிறது என்று பழைய டயரில் ஓடுவது

குறைவாக ஓடும் கார்களின் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடுகிறது. பக்கச்சுவரில் உள்ள நான்கு எண்களைப் பாருங்கள்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம்.

கூலண்டை நிறம் பார்த்து ஊற்றுவது

நிறம் வெறும் சாயம். தர எண்ணைப் பாருங்கள்.

ஈரக் கூரையை மடித்து வைப்பது

பூஞ்சை பிடிக்கும். பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்து, குளிரும் சேர்ந்தால் விரிசலும் விழும்.

பாதி வழியில் நின்ற கூரையைக் கையால் தள்ளுவது

கூரையின் சட்டம் வளையும், இல்லையென்றால் விரல் நசுங்கும். ஹைட்ராலிக் கூரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தத்தை விடுவித்துக் கையால் மூடும் முறை ஒன்று உண்டு. அது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். காய்ந்த ஒரு நாளில், அவசரமே இல்லாதபோது, அதை ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கத்தை முதன்முதலில் தேடியது நடுச்சாலையில், கொட்டும் மழையில். கையேடு நனைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.