கணக்கு வேலைக்கும் கூடத்துத் தொலைக்காட்சிக்கும் ஒரே மினி கணினி

வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் பகலில் ரசீது போடவும், இரவில் வீட்டாருடன் படம் பார்க்கவும் சேலத்துக் குடும்பத்துக்கு உள்ளங்கையளவு மினி கணினி ஒன்றே போதும்.

புதிதாக வாங்குவோர், 2023-இல் அறிமுகமான இன்டெல் என்100 போன்ற செயலியைத் தேர்ந்தெடுக்கலாம். இது ஏவி1 என்ற சுருக்கமுறையில் வரும் காணொளியை வன்பொருளிலேயே கையாளுவதால், யூடியூபின் 4கே படங்கள் பெரும்பாலும் தடங்கலின்றி ஓடும். நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது, சேமிப்புக்குச் சுழலும் தட்டில்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. அவசியம். பழைய கணினி மலிவாகக் கிடைத்தாலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத இயந்திரத்தைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

தொலைக்காட்சியுடன் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்தபின், ஒலி வெளியீட்டைத் தொலைக்காட்சிக்கு மாற்றி, எழுத்தளவை 150 விழுக்காடாக்குங்கள். 4கே படம் நொடிக்கு 60 சட்டங்களாக (ஃப்ரேம்) வர, கணினி, கம்பி, தொலைக்காட்சித் துளை மூன்றுமே எச்.டி.எம்.ஐ. 2.0 தரத்தில் இருக்க வேண்டும், 1.4 என்றால் 30 சட்டங்களே வரும், சுட்டியின் நகர்விலேயே அது தெரியும். அலுவலகத்துக்குத் தனிப் பயனர் கணக்கு வைத்தால், பிள்ளைகள் விளையாடும்போது டாலி கணக்கு மென்பொருளின் கோப்புகள் தப்பிக்கும்.

சேலத்தின் சித்திரை வெயிலில் கணினியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். ஏற்காட்டில் கவலை வேறு: ஈரப்பதம் மிகுந்த சுவரை ஒட்டி வைக்காமல், இடி மின்னலின்போது மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்தடைக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்று போதும்.