இசைத்தட்டைத் துடைப்பதற்கு முன்பு

சென்ற மாதம் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பை நிறையப் பழைய இசைத்தட்டுகளையும், மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் புட்டியையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் காபி எடுத்துவருவதற்குள் ஒரு தட்டைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். "எவ்வளவு அழுக்கு பாருங்கண்ணே" என்று அவர் காட்டிய வெள்ளைத் துணியில் கறுப்பாக இழுபட்டிருந்தது அழுக்கு அன்று; தட்டேதான். இப்படிப் பலரும் செய்யும் தவறுகள் சில இங்கே.

எல்லாத் தட்டும் வினைல் என்று நம்புவது

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளில் பெரும்பாலானவை வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல; அரக்கோடு கற்பொடி கலந்து அழுத்தி எடுக்கப்பட்டவை. அரக்கு ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரையும் என்பது நம் ஊர்த் தச்சர் எவருக்கும் தெரியும். அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் அவர்கள் கட்டிலுக்கும் கதவுக்கும் பாலிஷ் போட்டார்கள். இது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. மேலூர்ப் பக்கம் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் மைக்செட் போட்ட என் பெரியப்பா விட்டுச்சென்ற தட்டுகளில் பதினொன்றை, 'ரிக்கார்டு கிளீனர்' என்று விலை கொடுத்து வாங்கிய திரவத்தால் ஒரே மாலையில் பாழாக்கினேன். அதில் ஆல்கஹால் இருப்பதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காய்ந்தபின் தட்டுகளின் பளபளப்பு மங்கியது. பாட்டுக்கு மேலே எண்ணெயில் அப்பளம் பொரிவதைப் போன்ற இரைச்சல்தான் மிஞ்சியது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

லேபிளில் 78 என்று அச்சிட்டிருந்தால் ஐயமில்லை. இல்லாவிட்டால், பெரும்பாலும் 10 அங்குல அகலம், கையில் எடுத்தாலே தெரியும் கனம், பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். மெதுவாகச் சுழலும் வினைல் தட்டான எல்பி அமெரிக்காவில் 1948-இல் வந்துவிட்டாலும், இந்தியாவில் 1960-களிலும் அரக்குத் தட்டுகள் வெளிவந்தன என்பதால், பாட்டின் வயதை வைத்து முடிவு செய்யக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஓரிரு சொட்டு விட்டு, மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, ஊசி ஓடும் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்தபின் உடனே ஈரத்தை ஒற்றியெடுங்கள். லேபிள் நனையக் கூடாது. தட்டை ஊறவைக்கவே கூடாது.

போர்த் தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்று நீரால் துடைத்தால், குடத்தில் படியும் வெள்ளை உப்பு பள்ளத்திலும் படியும்.

ஊசிக்கு முன்னால் இயந்திரம் வாங்குவது

தட்டு கழுவும் இயந்திரத்துக்குப் பல ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு, தேய்ந்த ஊசியோடு கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் இருப்பது குறைவு என்றால் முதற்செலவு ஊசிக்கே ஆக வேண்டும். எல்பி ஊசியின் முனை ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78-க்கு உரியது ஏறத்தாழ 75 மைக்ரான். மெல்லிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உராய்ந்துகொண்டு கரகரப்பைத்தான் எடுத்துத் தரும். ஆகவே 78 வேகமும், ஊசியை மாற்றும் வசதியும் உள்ள டர்ன்டேபிளை, அதாவது தட்டைச் சுழற்றும் கருவியை, தேடுங்கள். மலிவானவற்றில் பல 33, 45 ஆகிய வேகங்களோடு நின்றுவிடும்.

சூட்கேஸ் பிளேயர்

பெட்டிக்குள்ளேயே டர்ன்டேபிள் அடங்கிய இந்த வகையில், ஊசி தட்டை அழுத்தும் அழுத்தத்தைத் திருத்த முடியாத எதையும் வாங்காதீர்கள்.

ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ இருக்கிறதா என்று பாராதது

ஃபோனோ என்பது டர்ன்டேபிளின் மெலிந்த சிக்னலுக்கென்றே உள்ள இன்புட். ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சிக்னலாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. அதை நேராக ஆக்ஸ் என்ற சாதாரண இன்புட்டில் செருகினால் பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல மெலிந்து, பாஸ் இல்லாமல் கேட்கும். பலர் இதை ஸ்பீக்கரின் குறை என்று எண்ணி ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ இல்லாமல், டர்ன்டேபிளின் பின்புறம் ஃபோனோ, லைன் என்ற சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். அந்த சுவிட்சும் இல்லாவிட்டால், சிக்னலைப் பெருக்கித் தரும் தனி ஃபோனோ பிரீஆம்ப் தேவை.

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில்

கூடாது.