150 எழுத்துக்குள் நான்கு வருடம்: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பல, காமன் ஆப் என்ற பொது இணைய விண்ணப்பம் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. பாடத்துக்கு வெளியே செய்தவற்றைச் சொல்ல அதில் 10 இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் பதவிக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, செய்த வேலையை விளக்க 150. இடைவெளியும் காற்புள்ளியும்கூட அந்த எண்ணிக்கையில் சேரும். பெட்டி இவ்வளவு சிறியது என்பது பல வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்டில்தான் தெரியவருகிறது. அதற்குள் பிள்ளை எட்டு கிளப்பில் பெயர் கொடுத்திருக்கும். எதிலும் சொல்லும்படி ஒரு வேலை இருக்காது.

பதவி இருக்கிறது, வேலை இல்லை

தலைமைப் பண்பு என்றதும் எல்லோரும் தலைவர் பதவிக்குத்தான் ஓடுகிறார்கள். கிளப் தேர்தல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகள் வைக்கும் கெடு நவம்பர் 1. பன்னிரண்டாம் வகுப்பில் தலைவராகும் பிள்ளைக்கு வேலை செய்து காட்ட ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை, இரண்டே மாதம்தான். பத்தாம் வகுப்பில் பொருளாளராகி, சந்தா வசூலித்து, வரவு செலவு எழுதி, போட்டிப் பயணத்துக்குப் பணம் திரட்டிய பிள்ளைக்கு எழுத நிறைய இருக்கும்.

புது கிளப் தொடங்குவது அடுத்த மோகம். பதினொன்றாம் வகுப்பு பிப்ரவரியில் மூன்று நண்பர்களோடு தொடங்கி, இரண்டு கூட்டம் நடத்தி, 'நிறுவனர் மற்றும் தலைவர்' என்று போட்டுக்கொள்வதை விண்ணப்பம் படிப்பவர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். பொறுப்பாசிரியர் யார், எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், நீங்கள் பள்ளியை விட்டுப் போனபின் யார் நடத்துவார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் புதிதாகத் தொடங்கவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கிளப்பில் ஒரு வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்வதே மேல்.

விளக்கப் பெட்டியில் நடக்கும் தவறு இன்னும் சின்னது, இன்னும் பரவலானது. பதவிப் பெட்டியில் 'துணைத் தலைவர்' என்று போட்டுவிட்டு, விளக்கத்தை 'கிளப்பின் துணைத் தலைவராக நான்' என்று மறுபடி தொடங்குவார்கள். இருக்கும் 150 எழுத்தில் முப்பது நாற்பது அங்கேயே போய்விடும். வினையில் தொடங்குங்கள்: நடத்தினேன், திரட்டினேன், பயிற்சி கொடுத்தேன். கூடவே ஒரு எண்ணாவது இருக்கட்டும். உங்கள் பள்ளிக்குள் மட்டும் புழங்கும் சுருக்கப் பெயர்களை விரித்து எழுதுங்கள். வரிசையும் முக்கியம்: காலவரிசை தேவையில்லை, உங்களுக்கு முக்கியமானது முதலில் வரட்டும்.

மணிக்கணக்கு

வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்று படிவம் கேட்கும். குத்துமதிப்பாகப் போடுவதுதான் இங்கே பெரிய தவறு. வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம். பள்ளிக்கு 35, தூக்கத்துக்கு 50 போனால் மிச்சம் 83. சாப்பாடு, பயணம், வீட்டுப்பாடம் எல்லாம் அதற்குள்தான். பத்துச் செயல்பாட்டையும் கூட்டி 60 மணி நேரம் வந்தால் படிப்பவருக்கு முதல் பார்வையிலேயே சந்தேகம் வரும்.

சரியான வழி, மொத்த மணி நேரத்தை வாரத்தால் வகுப்பது. உதாரணத்துக்கு டெக்கா என்ற மாணவர் அமைப்பின் வணிகப் போட்டிக்குத் தயாராகும் மாணவி அக்டோபர் முதல் பிப்ரவரி வரை 18 வாரம், வாரம் 3 மணி நேரம் உழைத்தால் 54. போட்டி நாட்கள் மூன்றில் 30 மணி நேரம். மொத்தம் 84, 18ஆல் வகுத்தால் 4.7. ஆக, 5 மணி நேரம், 18 வாரம். நடனம் போன்றவற்றில் வருடத்துக்கு வருடம் கணக்கு மாறும். இரண்டு வருடம் வாரம் 4 மணி நேரம், அரங்கேற்ற வருடத்தில் 12 என்றால் சராசரி 7 போடுங்கள். அந்த 12ஐ விளக்கத்தில் சொல்லிவிடலாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் படிவம் வேறு. அங்கே செயல்பாடு, விருது எல்லாம் சேர்த்து 20 இடம், விளக்கத்துக்கு 350 எழுத்து. விண்ணப்பதாரர் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து ஆதாரம் கேட்கும் வழக்கமும் அங்கே உண்டு. எம்ஐடி நேர்மாறு: நான்கே நான்குதான் கேட்கும். ஆகவே தேதி, மணி நேரம், பொறுப்பானவர் பெயர் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வணிகம்: இங்கே சட்டமும் குறுக்கே வரும்

டெக்காவின் தனிநபர் தொடர்ப் போட்டியில் 100 கேள்வித் தேர்வு ஒன்று. கூடவே 10 நிமிடம் தயாரித்து, நடுவர் முன் 10 நிமிடம் வரை பேசும் பாத்திரமேற்றல். கொடுக்கும் தாளிலேயே ஐந்து செயல்திறன் குறியீடுகள், அதாவது பேச்சில் நீங்கள் விளக்கிக் காட்ட வேண்டியவை, அச்சாகியிருக்கும். நடுவர் போடும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அவற்றுக்குத்தான். புத்திசாலிப் பிள்ளைகள் பலர் அற்புதமான வணிக யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டு, ஐந்தில் இரண்டைத் தொடாமலே வந்துவிடுகிறார்கள். தயாரிக்கும் நேரத்தில் முதல் வேலை, ஐந்தையும் தலைப்பாக எழுதிக்கொள்வது.

சொந்தத் தொழில் தொடங்கும் பிள்ளைகளின் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது விசா. எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எச்-4 துணைவர் சிலருக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆன்லைன் கடையில் வளையல் விற்பது, யூடியூப் விளம்பர வருமானம், காசு வாங்கி டியூஷன் எடுப்பது எல்லாமே சிக்கலில் முடியலாம். லாப நோக்கில் நடக்கும் கம்பெனியில், சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையைச் 'சும்மா' செய்து கொடுப்பதும் பாதுகாப்பானதல்ல. தொண்டு நிறுவனத்தில் ஊதியமில்லாத் தன்னார்வப் பணி, பள்ளிப் போட்டி, லாபம் எடுக்காத திட்டம் ஆகியவை பொதுவாகப் பிரச்சினையில்லாதவை. சந்தேகமிருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்; வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள். விசாச் சிக்கல் இல்லாத பிள்ளைக்கும் வரி உண்டு: சுயதொழிலில் நிகர வருமானம் 400 டாலரை எட்டினால் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

லாப நோக்கற்ற அமைப்பைத் தானே தொடங்குவது இன்னொரு கண்ணி. 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதிக்குச் சிறிய அமைப்புகள் போடும் 1023-ஈஇசட் படிவத்துக்குக் கட்டணம் 275 டாலர், முழுப் படிவத்துக்கு 600. கட்டியதோடு முடிவதில்லை. சிறிய அமைப்பும் வருடா வருடம் வரித்துறைக்கு 990-என் அறிவிப்பு அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று வருடம் விட்டால் தகுதி தானாக ரத்தாகிவிடும். பிள்ளை கல்லூரிக்குப் போனபின் அதை யார் அனுப்புவது? நன்கொடை திரட்டும் முன் தனியாகப் பதிவு கேட்கும் மாநிலங்களும் பல. அம்மாவின் சொந்த வென்மோ (பணம் அனுப்பும் செயலி) கணக்கில் நன்கொடை வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசம்: எது வீட்டுப் பணம், எது பொதுப் பணம் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஏற்கெனவே தகுதி பெற்ற தமிழ்ச் சங்கம் அல்லது உணவு வங்கியின் கீழ் ஒரு திட்டமாக நடத்தினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் மதிப்பும் குறையாது.

பண்பாடு: பத்து வருடத்தை ஒரு வரியில் புதைப்பது

'தமிழ்ப் பள்ளி மாணவர், 10 வருடம்' என்று எழுதுவது வீண். படிவம் கேட்பது 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை மட்டும்தான். அந்த நான்கு வருடத்தில் செய்ததை எழுதுங்கள்: ஞாயிறுதோறும் 2 மணி நேரம், நிலை இரண்டில் 9 குழந்தைகளுக்கு ல, ழ, ள உச்சரிப்புப் பயிற்சி, அதற்கென்று தயாரித்த அட்டைகள். இது கற்பிக்கும் வேலை என்பது யாருக்கும் புரியும்.

அரங்கேற்றமும் அப்படித்தான். அலாரிப்பு, வர்ணம், தில்லானா என்று அடுக்கினால், பரதம் தெரியாத அதிகாரிக்கு எதுவும் விளங்காது. இரண்டரை மணி நேரத் தனி நிகழ்ச்சி, நேரடி இசைக் குழு, அதற்குப் பின் இளையோருக்கு வாராவாரம் எடுக்கும் அடவு வகுப்பு என்று எழுதுங்கள். மண்டப வாடகையும் நகைச் செலவும் விண்ணப்பத்தில் தெரியாது; பயிற்சிதான் தெரியும்.

ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்த மாணவருக்குத் தரும் இருமொழித் தேர்ச்சிக்கான முத்திரையைத் தவறவிடுவது வருத்தமான விஷயம். கலிஃபோர்னியா 2011இல் சட்டமாக்கியது. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. தமிழுக்கும் தேர்வு இருக்கிறது. ஆனால் முத்திரை பன்னிரண்டாம் வகுப்பு முடிவில்தான் கைக்கு வரும். பதினொன்றாம் வகுப்பிலேயே தேர்வெழுதினால் அந்த மதிப்பெண்ணையாவது காமன் ஆப்பின் விருதுப் பகுதியில் போடலாம். அங்கே இடம் 5, ஒவ்வொன்றுக்கும் 100 எழுத்து. உங்கள் பள்ளி மாவட்டம் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு உலக மொழி மதிப்பலகு (கிரெடிட்) தருமா என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் எழுதாமலே விடும் ஒன்று உண்டு: வீட்டுப் பொறுப்பு. தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, பாட்டியை டாக்டரிடம் அழைத்துப்போய் மொழிபெயர்ப்பது எல்லாவற்றுக்கும் காமன் ஆப்பில் தனி வகையே இருக்கிறது. வாரம் 10 மணி நேரம் போகிறதென்றால் அது பெயருக்கு மட்டும் இருக்கும் கௌரவச் சங்க உறுப்பினர் பதவியைவிடக் கனமானது. பல்கலைக்கழகப் பெயரை வைத்து ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் கோடை முகாம்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பணம் கட்டினால் யாருக்கும் இடம் கிடைக்கும் முகாமை வைத்து யாரும் வியப்பதில்லை.

பதினொன்றாம் வகுப்பு வசந்தத்தில் பல பள்ளிகளில் கவுன்சிலர் (பள்ளி ஆலோசகர்) பரிந்துரைக் கடிதத்துக்காக மாணவரிடம் ஒரு தகவல் தாள் கேட்பார். பிள்ளைகள் அதை அவசரமாக நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அக்டோபரில் படிவத்தில் வேறு எண்ணும் வேறு பதவியும் ஏறியிருக்கும். கடிதத்தில் 'உறுப்பினர்', விண்ணப்பத்தில் 'தலைவர்' என்றிருந்தால் நம்பப்படுவது கடிதம்தான். தேர்தல் முடிவு வந்ததும் திருத்திய தாளைக் கவுன்சிலருக்கு அனுப்பிவிடுங்கள், செப்டம்பருக்குள்.