நாய்க்கு நல்ல டாக்டரைத் தேடுவது எப்படி?

குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை இது. பெல்ட், கிண்ணம், பாய் எல்லாம் வாங்கிவிட்டு, டாக்டரை மட்டும் நாய் வாந்தி எடுக்கிற ராத்திரியில்தான் தேடுகிறோம். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

படி 1: தூரம். நாயைப் பார்த்ததும் "வேணாம் சார், சீட்டு அழுக்காயிடும்" என்று கிளம்பிவிடும் ஆட்டோக்கள்தான் சென்னையில் அதிகம். அதனால் நடந்தோ வண்டியிலோ போகிற தூரத்தில் ஒரு கிளினிக் இருக்கட்டும். மூடிய பிறகு அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படி 2: பதிவு. பி.வி.எஸ்சி. என்கிற கால்நடை மருத்துவப் பட்டம் படித்து, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. நாய் விற்கிறவரே ஊசியும் போடுகிறேன் என்றால் வேண்டாம்.

படி 3: நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை கூட்டிப்போங்கள். இதுதான் முக்கியம். எங்கள் மணியின் இப்போதைய டாக்டர் முதலில் அவனைத் தொடவே இல்லை. தரையில் உட்கார்ந்து, புறங்கையை நீட்டி மோந்து பார்க்க விட்டார். அப்புறம் எடை, காய்ச்சல். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் சட்டென்று பழைய நிறத்துக்கு வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி தேடினார். இப்படித் தொட்டுப் பார்க்காமல் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே சீட்டு எழுதுகிறவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள்.

படி 4: தடுப்பூசி. முதல் ஊசி 6 முதல் 8 வார வயதில். பிறகு 3, 4 வார இடைவெளியில் அடுத்தவை. வெறிநாய்க்கடி தடுப்பூசி வழக்கமாக 3 மாத வயதில். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டித் தருவதும் நல்ல அடையாளம்.

படி 5: "உண்ணிக் காய்ச்சலை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். நம்ம ஊரில் இந்தக் கேள்வி கட்டாயம். மணி சாப்பிடாமல் படுத்திருந்தபோது ஒரு கிளினிக்கில் 3 நாள் வெறும் ஊசியாகப் போட்டார்கள், ரத்தம் எடுக்கவே இல்லை. வேறு இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தட்டணுக்கள் (ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள், உண்ணிக் காய்ச்சலில் குறையும்) பாதாளத்தில் கிடந்தன. சில சமயம் ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் கிருமி தெரியாது. அப்போதும் தட்டணு எண்ணிக்கை, அறிகுறி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து விளக்குகிறவர்தான் விஷயம் தெரிந்தவர்.

படி 6: பெரிய விஷயத்துக்கு வேப்பேரி. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன், துறைவாரியாக டாக்டர்கள் எல்லாம் உண்டு. கூட்டமும் உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே தரையில் இறக்கிவிடாதீர்கள், பார்வோ என்கிற உயிர்க்கொல்லி வைரஸ் தொற்றிக்கொள்ளும். ஒரு பழைய துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருங்கள்.