பெரியவர்கள் கார்ட்டூன் தொடர் பார்க்க: திரை, வரிசை, வேகம்

குழந்தைகளுக்காக எடுத்த அனிமேஷன் தொடர் பெரியவர்களுக்குச் சலிக்கிறது என்றால், பல நேரம் குறை தொடரில் இருக்காது. டிவி அமைப்பு, அத்தியாய வரிசை, பார்க்கிற அவசரம் இவற்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கும்.

டிவியிலிருந்து தொடங்குங்கள். பட அமைப்புகளுக்குள் போய் 'மோஷன் ஸ்மூத்திங்' வகை வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். 'மோஷன்' என்ற சொல்லைத் தேடினால் பெரும்பாலும் அகப்படும். நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) ஓடும் அனிமேஷனில் ஒரு ஓவியம் பெரும்பாலும் 2 ஃபிரேம் நிற்கும். அதாவது நொடிக்கு 12 ஓவியங்கள்தான். அனிமேட்டர் தெரிந்தே விட்ட இடைவெளியை இந்த வசதி இருந்தால் டிவி தானே வரைந்து நிரப்பப் பார்க்கிறது. கோடுகளின் ஓரம் கரைகிறது, அடி வாங்கும் பாத்திரம் வழுக்கிக்கொண்டு போகிறது, நகைச்சுவை செத்துவிடுகிறது.

அடுத்தது திரையின் அளவு. பழைய தொடர்கள் 4:3 விகிதத்தில் வரையப்பட்டவை. நிலா முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. தலை உச்சி வெட்டுப்பட்டால், அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்கியிருக்கிறார்கள். ஓவியத்தில் கால் பங்கு அதோடு போய்விடும். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும் பதிப்பே சரியானது.

வரிசையில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஒளிபரப்பு வரிசையும் தயாரிப்பு வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரில் முதலில் தயாரானது 'ஆன் லெதர் விங்ஸ்'. ஆனால் 1992 செப்டம்பர் 5 அன்று முதலில் ஒளிபரப்பானது 'தி கேட் அண்ட் தி கிளா' முதல் பகுதி. தனித்தனிக் கதைகளாக ஓடும் தொடருக்கு இதனால் பெரிய பாதகமில்லை. கதை தொடர்ந்து வளரும் தொடரென்றால் ரசிகர்கள் தொகுத்த அத்தியாயப் பட்டியலைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 61 அத்தியாயங்கள் கொண்டது. முதல் இரண்டும் பெரும்பாலும் விளையாட்டுத்தனம். போரின் இழப்பு 3ஆவதில்தான் நெஞ்சில் இறங்குகிறது. 22 நிமிடத் தொடருக்கு 4 அத்தியாயம், 11 நிமிடத் தொடருக்கு 8 அத்தியாயம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லையா, விட்டுவிடலாம்.

ஒரே இரவில் அள்ளிப் பார்ப்பது பெரிய தவறு. இவை வாரம் ஒன்றிரண்டாகப் பார்ப்பதற்கு எழுதப்பட்டவை. அதனால் அமைப்பும் வசனமும் திரும்பத் திரும்ப வரும். அடுத்தடுத்துப் பார்த்தால் அது மட்டுமே கண்ணில் படும். 7 நிமிட அத்தியாயங்கள் கொண்ட 'புளூயி' தொடரை ஒரு நாளைக்கு இரண்டோடு நிறுத்தி, பேசாமல் நிற்கும் அப்பா அம்மாவின் முகத்தைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கான கதை அங்கேதான் நடக்கிறது. 1.5 மடங்கு வேகம் வேண்டவே வேண்டாம். சிரிப்புக்கு முந்திய அரை நொடி மௌனத்தை அது தின்றுவிடும்.

பிடித்த காட்சியை மறுமுறை ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். கணினியில் விஎல்சி வீடியோ பிளேயரில் ஆங்கில E எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். 'கிராவிட்டி ஃபால்ஸ்' தொடரின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் சங்கேத வரி வரும். முதல் 6 அத்தியாயங்களுக்கு, ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் அகரவரிசையில் 3 இடம் பின்னே தள்ளினால் விடை கிடைக்கும். 7 முதல் 13 வரை அகரவரிசையையே தலைகீழாக்க வேண்டும். 14 முதல் 19 வரை எண்கள் எழுத்துகளாகும் (1 என்றால் A, 2 என்றால் B). இரண்டாம் சீசனுக்குத் திறவுச்சொல் வேண்டும். அது அந்தந்த அத்தியாயத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். விடையை முன்கூட்டியே தேடிப் படிப்பவர் பாதிச் சுவையை இழக்கிறார்.

பிள்ளைகளோடு பார்த்தால் முதல் இடம் அவர்களுக்கு. இடையில் நிறுத்தி விளக்காதீர்கள், அடுத்து வருவதைச் சொல்லாதீர்கள். பாத்திரத்தின் படம் வேண்டுமென்று கேட்டால் போனை அவர்கள் கையில் கொடுக்காமல் நீங்களே தேடிக் கொடுங்கள். பெரியவர் கூட்டம் சேர்ந்த எந்தத் தொடருக்கும் வயதுவந்தோருக்கான ரசிகர் ஓவியங்கள் உண்டு. 'மை லிட்டில் போனி' அதற்குப் பேர்போனது. பாதுகாப்புத் தேடலை இயக்கி வைத்தாலும் சில நழுவி வந்துவிடும்.