தேயிலைப் புரதத்தில் காபனைல் அளவு கூடிக் காட்டினால்

லைசீன், ஆர்ஜினீன், புரோலீன், திரியோனீன் ஆகிய அமினோ அமிலங்கள் ஒட்சியேறும்போது உருவாகும் காபனைல்களை (காபன்-ஒட்சிசன் இரட்டைப் பிணைப்புத் தொகுதிகளை) அளக்க, அவற்றோடு சேரும் டைநைட்ரோபினைல் ஐதரசீன் என்ற சோதனைப்பொருள்தான் என் முதல் தெரிவு. ஆனால் நுவரெலியாக் குளிரில் தேயிலைத் தளிரைச் சோதித்தபோது 370 நனோமீற்றரில் ஒளியுறிஞ்சல் வாசிப்பு நம்ப முடியாதபடி உயர்ந்தது.

முதற் காரணம் குளிர். 2 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த இச்சோதனைப்பொருளின் 10 மில்லிமோலார் கரைசல் குளிர்ந்தால் நுண்பளிங்குகள் பிரிந்து புரத வீழ்படிவோடு சேர்கின்றன. 30 பாகை நீர்த்தொட்டியில் வைத்து வடித்துப் பாவித்ததும் வாசிப்பு இறங்கியது. இக்கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 0.198 கிராம் சோதனைப்பொருள் வேண்டும். போத்தலில் வருவது ஈரத்தூள். 30 வீதம் நீர் என்றால் 0.283 கிராம் நிறுக்க வேண்டும். தூளை உலர்த்தவே கூடாது, உலர்ந்தால் வெடிக்கும் தன்மையது.

மற்றக் காரணம் தேயிலையில் உள்ள பொலிபீனோல். இலையை அரைக்கும்போதே பொலிபீனோலைப் பிடித்துக்கொள்ளும் கரையாத பிவிபிபி (பொலிவைனைல்பொலிபிரோலிடோன்) தூளைச் சேர்த்துவிட வேண்டும். புரதம் கபில நிறமான பிறகு கழுவிப் பயனில்லை.

புரதத்தோடு சோதனைப்பொருளின் தாக்கம் ஒரு மணி நேரம், இருட்டில், 15 நிமிடத்துக்கொருமுறை கலக்கியபடி. 10 வீத டிரைகுளோரோ அசற்றிக் அமிலத்தில் வீழ்படிவாக்கி, எதனோலும் எதைல் அசற்றேற்றும் சமனாகக் கலந்த கரைப்பானால் மூன்று தரம் கழுவுக. ஒவ்வொரு முறையும் படிவை நன்றாக உடைக்காவிட்டால் உள்ளே சிக்கிய மிகுதிச் சோதனைப்பொருளின் மஞ்சள் வெளியேறாது. பின் 6 மோலார் குவனிடீனில் கரைக்கலாம்.

சோதனைப்பொருள் இன்றி அமிலம் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டு மாதிரியும் கட்டாயம். அதன் வாசிப்பைக் கழித்து 0.022 என்ற உறிஞ்சற் குணகத்தால் வகுத்தால் மில்லிலீற்றருக்கு எத்தனை நனோமோல் காபனைல் என்று வரும். கழுவலில் புரதம் இழக்கப்படுவதால், புரத அளவைத் தொடக்கச் சாற்றில் அல்ல, இந்த இறுதிக் கட்டுப்பாட்டு மாதிரியில் 280 நனோமீற்றரில் எடுங்கள்.